கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு பகல்: திராட்சைப் பந்தலும் ஊர்ச் சாப்பாடும்

திராட்சை கொடியில் தொங்குவதைப் பார்க்க வேண்டும். அதை விளைவித்தவரிடம் நாலு வார்த்தை பேச வேண்டும். அவர் கையால் எடை போட்டு வாங்கி வர வேண்டும். நடுவில் வயிறார ஒரு சாப்பாடு. இவ்வளவும் ஒரே பகலில் நடக்கிற இடம் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு. மதுரை, திண்டுக்கல், தேனி பக்கத்து ஆட்கள் காலையில் கிளம்பி இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம்.

பலர் செய்கிற தவறு ஒன்றுதான். தேக்கடி போகிற வழியில் உச்சி வெயிலில் இறங்குகிறார்கள், பந்தலுக்கடியில் படம் எடுக்கிறார்கள், சாலையோரக் கடையில் இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு வண்டி ஏறிவிடுகிறார்கள். அந்த நேரத்தில் தோட்டத்தில் ஆள் இருக்காது. வெட்டு முடிந்து பழப்பெட்டி லாரி ஏறியிருக்கும். இந்த அத்தியாயம் சொல்லும் வரிசையில் தோட்டம்தான் முதலில். மற்ற எல்லாம் அதற்குப் பிறகு.

எப்போது போவது

இங்கே விளைவது பன்னீர் திராட்சை. மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். 1832-இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழகத்துக்குக் கொண்டுவந்தது. 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கவாத்து செய்த நாளிலிருந்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம் வெட்டுக்கு வரும். ஒவ்வொரு தோட்டத்துக்காரரும் வெவ்வேறு வாரத்தில் கவாத்து செய்வதால் ஆண்டு முழுக்க எங்காவது ஒரு பந்தலில் பழம் இருந்துகொண்டே இருக்கும். வேறெங்கும் பருவம் பார்த்துத்தான் போக வேண்டும், இங்கே நாள் பார்த்தால் போதும்.

ஆனாலும் எல்லா மாதமும் ஒன்றல்ல. ஜனவரி முதல் மார்ச் வரை காலை இதமாக இருக்கும், பழமும் இனிக்கும். ஜூன், ஜூலையில் மலைக் கணவாய் வழியாகக் காற்று வீசி அடிக்கும், புழுதி கண்ணில் விழும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பழம் வெடித்து அழுகும். விவசாயி கவலையில் இருக்கிற நேரம் அது, வேடிக்கை பார்க்கப் போகாமலிருப்பது நல்லது. கிழமையைப் பொறுத்தவரை சனி, ஞாயிறைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். கூட்டம் இருந்தால் யாருக்கும் பேச நேரம் இருக்காது.

முந்தின நாள் மாலைக்குள்

1. தெரிந்தவர் வழியாக ஒரு தோட்டத்துக்காரரைப் பிடித்து, “நாளைக்கு வெட்டு இருக்கா?” என்று கேட்டு வையுங்கள். ஆள் தெரியாவிட்டாலும் பயணத்தை ஒத்திப்போட வேண்டாம். சுருளிப்பட்டி, கூடலூர் சாலைகளில் வருகிறவர்களை உள்ளே விடுகிற தோட்டங்கள் இருக்கின்றன.
2. பக்கவாட்டில் ஓட்டை உள்ள ஆழம் குறைந்த அட்டைப்பெட்டி இரண்டு, அச்சில்லாத வெள்ளைத்தாள், ஒரு பழைய பருத்தித் துண்டு எடுத்து வையுங்கள். பழம் வீடு வந்து சேர இவைதான் ஆதாரம்.
3. ஆளுக்கு இரண்டு லிட்டர் குடிநீர், கை கழுவத் தனியாக ஒரு கேன்.
4. சில்லறை. தோட்டத்தில் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் அவர் மீதிக்கு அலைய வேண்டியிருக்கும். பந்தலுக்கடியில் போன் சிக்னலை நம்ப முடியாது.
5. மண்ணில் நடக்கத் தோதான மூடிய காலணி. சொட்டுநீர்க் குழாய் ஓடுகிற இடம் சேறாக இருக்கும், நிழலும் ஈரமும் இருக்கிற இடத்தில் பாம்பும் இருக்கும்.
6. கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் ஆனைமலையன்பட்டியில் இருக்கிறது. பயிர் செய்யும் எண்ணம் உள்ளவர்கள் முன்கூட்டி அனுமதி கேட்டுப் போகலாம். மற்றவர்களுக்கு அது அவசியமில்லை.

பாதையும் நேரமும்

மதுரையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கான கணக்கு இது. தேனிக்காரர்கள் இரண்டு மணி நேரம் கூடத் தூங்கலாம்.

1. காலை 5 மணி: மதுரையை விட்டுக் கிளம்புங்கள். உசிலம்பட்டி, ஆண்டிபட்டி வழியாகத் தேனி 76 கி.மீ.
2. 7 மணி: தேனியில் சிற்றுண்டி. இட்லி, வடை, காபி போதும். மதியச் சாப்பாட்டுக்கு வயிற்றில் இடம் விடுங்கள்.
3. 7.30: வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் வழியாகக் கம்பம், சுமார் 40 கி.மீ. சின்னமனூரைச் சுற்றி நெல், வாழை, வெற்றிலைக் கொடிக்கால் என்று வயல் மாறிக்கொண்டே வரும். புறவழிச்சாலையில் ஏறினால் நேரம் மிச்சம், ஆனால் இது எதுவும் கண்ணில் படாது. போகும்போது ஊர் வழி, திரும்பும்போது புறவழி என்று வைத்துக்கொள்ளுங்கள்.
4. 8.30-க்குள்: திராட்சைத் தோட்டம்.
5. 11 மணி: கம்பம் ஊருக்குள்.
6. 12.30: சாப்பாடு.
7. 2.30: லோயர் கேம்ப் அல்லது சுருளி. இரண்டில் ஒன்றுதான்.
8. 4.30: திரும்புதல்.

பேருந்தில் வருகிறவர்களுக்குத் தேனியிலிருந்து கம்பம், குமுளி வண்டிகள் அடிக்கடி உண்டு. மதுரை – போடிநாயக்கனூர் அகல ரயில் பாதையில் 2022 முதல் தேனிக்கு ரயில் ஓடுகிறது. ஆனால் ரயில் நேரம் வெட்டு நேரத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். கம்பத்தில் இறங்கி ஆட்டோ பேசினால், காத்திருக்கும் நேரத்துக்கும் சேர்த்துக் கூலியை முதலிலேயே பேசிவிட வேண்டும்.

பந்தலுக்குள்

வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கியதும் நேரே பந்தலுக்குள் நுழையாதீர்கள். ஆளைத் தேடுங்கள். “அண்ணே, வணக்கம். மதுரையிலருந்து வர்றோம். தோட்டத்தப் பாத்துட்டுப் போகலாமா? எதையும் தொட மாட்டோம்” என்று கேட்டால் வேண்டாமென்று சொல்கிறவர்கள் குறைவு. பெண்கள் வேலை செய்தால் அக்கா என்றே பேசுங்கள். வெட்டு நடந்துகொண்டிருந்தால் ஓரமாக நின்று பார்க்கலாமா என்று தனியாகக் கேட்க வேண்டும். வியாபாரி கூட்டி வந்த ஆட்கள் அவசரத்தில் இருப்பார்கள், லாரி காத்திருக்கும்.

கல்தூண் நட்டு, மேலே கம்பி இழுத்து, அதன்மேல் கொடி படர்ந்திருக்கும். கொத்துகள் தலைக்கு மேலே வரிசையாகத் தொங்கும். உயரமானவர்கள் குனிந்தே நடக்க வேண்டும். தலை இடித்தால் உதிர்வது ஒருவருடைய வருமானம். முதுகுப்பையை வண்டியிலேயே வைத்துவிட்டு வாருங்கள். பையோடு திரும்பும்போதுதான் அதிகம் பழம் சேதமாகிறது.

பழம் இருக்கிற பந்தலை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். அக்கம்பக்கத்து நாலு தோட்டத்தை ஒருசேரப் பார்த்தால் நான்கு மாதப் பயிரையும் ஒரே மணி நேரத்தில் பார்த்த மாதிரி. ஒன்றில் கவாத்து முடிந்து மொட்டைக் குச்சி மட்டும் கம்பியில் கிடக்கும். அடுத்ததில் இளந்தளிரும் பூங்கொத்தும். இன்னொன்றில் மிளகு அளவுப் பச்சைக் காய். நான்காவதில் கருநீலப் பழம். இந்த வசதி வேறு திராட்சை வட்டாரங்களில் கிடைப்பது அரிது. குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் இந்த நாலையும் வரிசைப்படி காட்டுங்கள்.

வெட்டுகிறவர் கையைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். இடது கையால் காம்பை மட்டும் பிடிப்பார். பழத்தின் மேல் விரல் படாது. பட்டால் மேலே படிந்திருக்கும் வெள்ளைப் பூச்சு அழிந்துவிடும், பழம் பழசாகத் தெரியும். வலது கையில் சின்னக் கத்தரி. ஒரு வெட்டு. கொத்தைத் திருப்பிப் பார்த்து, வெடித்த பழம், சுருங்கிய பழம், பச்சையாக நின்ற பழம் ஒவ்வொன்றையும் அதே கத்தரி நுனியால் கிள்ளி எறிந்துவிட்டுப் பெட்டியில் காம்பு மேலே வருகிற மாதிரிப் படுக்க வைப்பார். நீங்கள் வாங்கும்போது உங்கள் கையும் இப்படித்தான் இருக்க வேண்டும்.

*செய்யக்கூடாதவை*

• கொத்தைப் பிடித்து இழுத்துப் படம் எடுப்பது.
• கல்தூணில் சாய்வது, கம்பியில் தொங்குவது. ஒரு கம்பி தளர்ந்தால் அந்த வரிசைப் பந்தலே தொய்ந்துவிடும்.
• வேலை செய்கிற பெண்களைக் கேட்காமல் படமெடுப்பது.
• விவசாயியிடம் லாபம் எவ்வளவு என்று கேட்பது. அவரே சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி

“மருந்து அடிச்சு எத்தன நாளாச்சுண்ணே?” 

இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒரு பழத்தையும் வாயில் போடாதீர்கள், குழந்தைக்கும் கொடுக்காதீர்கள். திராட்சைக்குச் சாம்பல் நோய், அடிச்சாம்பல் நோய் எளிதில் வரும். மருந்தில்லாமல் விளைவிப்பது கடினம். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை அடித்த பந்தலில் இலையிலும் தண்டிலும் நீலத்திட்டு தெரியும். மற்ற மருந்துகள் கண்ணுக்கே தெரியாது. ஒவ்வொரு மருந்துக்கும் அடித்த பிறகு இத்தனை நாள் கழித்துத்தான் அறுக்க வேண்டும் என்ற கணக்கு உண்டு. நல்ல விவசாயிக்கு அது தெரியும், கேட்டால் மதித்துப் பதில் சொல்வார். கேள்வி குற்றம் சாட்டுகிற தொனியில் இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

பழத்தின் மேலுள்ள சீரான வெள்ளைப் பூச்சைப் பார்த்து மருந்து என்று பயப்பட வேண்டாம். அது பழம் தானே சுரக்கும் மெழுகு. புள்ளி புள்ளியாக, வடிந்து காய்ந்த மாதிரி கறை இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

மருந்து அடித்துக்கொண்டிருக்கிற தோட்டமானால் வாசலிலேயே திரும்பிவிடுங்கள். காற்று உங்கள் பக்கம் வீசினால் வண்டிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நகருங்கள். கர்ப்பிணிகள், ஆஸ்துமா உள்ளவர்கள் இதில் சமாதானம் செய்துகொள்ளவே கூடாது.

பழம் வாங்கும் முறை

1. காம்பைப் பாருங்கள். பச்சையாக, விறைப்பாக இருந்தால் இன்றைய வெட்டு. பழுப்பேறிச் சுருங்கியிருந்தால் முந்தைய நாளுடையது.
2. கொத்தை மெல்ல ஓர் ஆட்டு. இரண்டு மூன்றுக்கு மேல் உதிர்ந்தால் வேறு கொத்து எடுங்கள்.
3. சுவை பார்க்கச் சொன்னால் கழுவிவிட்டு, கொத்தின் அடிநுனிப் பழத்தை எடுங்கள். கொத்தில் கடைசியாகப் பழுப்பது அதுதான். நுனி இனித்தால் முழுக் கொத்தும் இனிக்கும். தோள்பக்கப் பழத்தைத் தின்றுவிட்டு வாங்கி ஏமாறுகிறவர்கள் பலர்.
4. நிறம் கருநீலமாகச் சீராக இருக்க வேண்டும். இடையிடையே செம்பழுப்பு இருந்தால் புளிக்கும்.
5. பெட்டியில் தாள் விரித்து, ஓர் அடுக்கு, அதிகம் போனால் இரண்டடுக்கு. மேலே பருத்தித் துண்டு. பிளாஸ்டிக் பையில் கட்டினால் வியர்த்துப் போய், மதுரை வருவதற்குள் அடிப்பழம் கசங்கிவிடும்.
6. வண்டியின் டிக்கியில் வைக்காதீர்கள். கால் வைக்கும் இடத்தில், வெயில் படாமல் வையுங்கள்.

பன்னீர் திராட்சைக்கு விதை உண்டு, தோல் மெல்லியது, வாசனை அதன் பெருமை, ஆனால் நாள் தாங்காது. ஒரு வாரத்துக்கு வேண்டுமென்று பத்துக் கிலோ வாங்காதீர்கள். நாலு பேர் வீட்டுக்கு மூன்று கிலோ போதும். விதையில்லாத திராட்சைதான் வேண்டும் என்றால் சின்னமனூர் பக்கத்து ஓடைப்பட்டியில் விசாரியுங்கள்.

விலை நாளுக்கு நாள் மாறும். வியாபாரி கொடுக்கும் விலைக்கும் நகரத்துக் கடை விலைக்கும் நடுவில் ஒரு தொகையை விவசாயி சொல்வார். அதில் பேரம் பேசாதீர்கள் என்பது என் வேண்டுகோள். தோட்டத்தைச் சுற்றிக் காட்ட அவர் ஒதுக்கிய ஒரு மணி நேரத்துக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை.

ஒயின் பற்றி நேராகச் சில வார்த்தைகள்

திராட்சை ஊர் என்றதும் ஒயின் ஆலையைச் சுற்றிப் பார்த்து, கோப்பையில் ஊற்றிச் சுவைக்கலாம் என்ற நினைப்போடு வருகிறவர்கள் இருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தின் நாசிக்கில் அது நடக்கும். 1999-இல் தொடங்கிய சுலா நிறுவனம் 2005-இல் அங்கே சுவைக்கூடம் திறந்தது, பிறகு பல தோட்டங்கள் அந்த வழியில் வந்தன. கம்பத்தில் அப்படி ஒரு ஏற்பாட்டை எதிர்பார்த்து வராதீர்கள். பன்னீர் திராட்சை சாறுக்கும் ஒயினுக்கும் உகந்த ரகம்தான், ஆலைகளுக்கும் போகிறது. ஆனால் ஆலைக்குள் பார்வையாளரை விடுவது அவரவர் அனுமதியைப் பொறுத்தது. முன்பே பேசி, நாளும் நேரமும் உறுதியானால் மட்டும் திட்டத்தில் சேருங்கள்.

சாலையோரத்தில் பெயர்ச்சீட்டில்லாத பாட்டிலில் ‘வீட்டு ஒயின்’ என்று யாராவது நீட்டினால் வாங்க வேண்டாம். உரிமம் இல்லாமல் காய்ச்சுவதும் விற்பதும் சட்டப்படி குற்றம். அதற்குள் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். குமுளி எல்லையைத் தாண்டினால் கேரளத்தில் அது 23. எல்லை தாண்டி எந்தப் பாட்டிலையும் கொண்டுபோகாதீர்கள். வண்டி ஓட்டுகிறவர் அன்று குடிக்கக்கூடாது என்பதை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மலையடிவாரச் சாலை அது.

தோட்டத்து வாசல் கடைகளில் கிடைக்கும் திராட்சைச் சாறு நன்றாக இருக்கும். கண்ணெதிரே பிழிந்ததை வாங்குங்கள். ஐஸ் எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் ஐஸ் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள்.

ஊருக்குள்: தொழுவும் இலையும்

கம்பம் ஊரில் பார்க்க வேண்டிய இடம் நந்தகோபாலன் கோயிலான தம்பிரான் மாட்டுத் தொழு. அங்கே மாடுகளையே தெய்வமாகக் கும்பிடுகிறார்கள். மாட்டுப் பொங்கலன்று சுற்றுப்பட்டு ஊரெல்லாம் அங்கே கூடும். கால் மணி நேரம் போதும். செருப்பை வெளியே விடுங்கள், மாட்டைத் தொடுவதற்கு முன் பராமரிக்கிறவரைக் கேளுங்கள்.

சாப்பாட்டில் ஒரு விதி: சாலையோரப் பெரிய பலகை வைத்த இடங்களை விட்டுவிட்டு, கடைத்தெருவுக்குள் உள்ளூர்க்காரர்கள் வரிசையில் நிற்கிற மெஸ்ஸைத் தேடுங்கள். 12.30-க்குள் போனால் எல்லாக் குழம்பும் இருக்கும். 2 மணிக்கு மேல் நாட்டுக்கோழி தீர்ந்து குழம்பு மட்டும் மிஞ்சும். கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் ராவுத்தர் குடும்பங்கள் நிறைய, பிரியாணி நன்றாக அமையும். சைவம் வேண்டுகிறவர்கள் இலைச் சாப்பாடு கேளுங்கள். சுற்றியுள்ள தோட்டத்துக் காய்தான் பொரியலாக வரும், அன்றைக்கு என்ன காய் என்று கேட்டுச் சாப்பிடுவதில் ஒரு ருசி இருக்கிறது. காலையில் திராட்சை, அதன்மேல் சாறு, அதன்மேல் பிரியாணி என்று ஏற்றிக்கொண்டு மலைச்சாலையில் போகிறவர்களுக்குக் குமட்டும். ஏதாவது ஒன்றைக் குறையுங்கள்.

பிற்பகல்: ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

*லோயர் கேம்ப்.* என் பரிந்துரை இதுதான். காலையில் பார்த்த பந்தல் எந்தத் தண்ணீரில் நிற்கிறது என்பது இங்கே புரியும். மேற்கே அரபிக்கடலுக்கு ஓடிக்கொண்டிருந்த பெரியாற்றைத் தடுத்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய அணை 1895-இல் முடிந்தது. கட்டிய ஜான் பென்னிகுயிக்குக்கு 2013-இல் இங்கே மணிமண்டபம் திறந்தார்கள். ஜனவரி 15 அவர் பிறந்தநாள். அன்று பொங்கல் வைக்கிற ஊர்கள் இந்தப் பள்ளத்தாக்கில் உண்டு. மலைச்சரிவில் இறங்கும் நான்கு பெரிய குழாய்கள் மின்நிலையத்துக்கானவை. அந்த வளாகத்தைப் படமெடுக்காதீர்கள், தடை உள்ள இடம். வாய்க்காலில் தண்ணீர் அமைதியாகத் தெரிந்தாலும் இழுப்பு பலமாக இருக்கும். திறந்துவிடும் அளவு சொல்லாமல் மாறும். கால் நனைக்கக்கூட இறங்க வேண்டாம்.

*சுருளி அருவி.* கம்பத்திலிருந்து சுமார் 10 கி.மீ. ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. வெள்ளம் வந்தாலும் யானை நடமாட்டம் இருந்தாலும் வனத்துறை மூடிவிடும். 2023 மே மாதம் அரிக்கொம்பன் யானை கம்பம் ஊருக்குள்ளேயே வந்தபோது அருவிக்கும் தடை போட்டார்கள். கிளம்புவதற்கு முன் ஊரில் விசாரித்துவிட்டுப் போங்கள். சோதனைச்சாவடியில் வாக்குவாதம் செய்து பயனில்லை. பழப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நடக்காதீர்கள், குரங்குகள் பிடுங்கும்.

குமுளி மேலே ஏறித் தேக்கடியையும் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். ஒரு பகலில் அது முடியாது. முடித்தாலும் இருட்டில் மலைச்சாலை இறங்க வேண்டி வரும்.

வீடு வந்த பிறகு

1. பெட்டியைத் திறந்து உதிர்ந்த பழத்தைத் தனியே எடுங்கள். அன்றிரவே தின்ன வேண்டியது அது.
2. மீதியைக் கழுவாமல், தாள் சுற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். கழுவி வைத்தால் மறுநாளே பூசணம் பிடிக்கும்.
3. தின்னும்போது மட்டும் கால் மணி நேரம் உப்பு நீரில் ஊறவைத்து, ஓடும் தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். தண்ணீர் மேலோட்டமானதைத்தான் போக்கும், தோலுக்குள் போன மருந்தைப் போக்காது. தோட்டத்தில் கேட்ட கேள்வியின் அவசியம் அதனால்தான்.
4. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பழத்தை நீளவாக்கில் நாலாக நறுக்கி, விதை எடுத்துக் கொடுங்கள். முழுப்பழம் தொண்டையில் அடைக்கும்.
5. மூன்றாம் நாளும் மிஞ்சினால் சாறாக்குங்கள். மிக்ஸியில் அரைக்காதீர்கள், விதை உடைந்து கசக்கும். காம்பு நீக்கி, ஒரு கை தண்ணீர் விட்டு, சிறு தீயில் தோல் வெடிக்கும்வரை சூடாக்கி, மத்தால் லேசாக மசித்து வடிகட்டுங்கள். ஆறியபின் பாட்டிலில் முக்கால் பங்கு மட்டும் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். வெளியே இறுக்கி மூடி வைத்தால் உள்ளே புளித்துப் பாட்டிலே வெடிக்கலாம். மூடியைத் திருகும்போது ‘உஸ்’ என்று காற்று வந்தாலோ, மேலே நுரை கட்டியிருந்தாலோ குடிக்காமல் கொட்டிவிடுங்கள்.